குச்சி கண்டுபிடித்த கொரோனா

கொரோனாவுக்குப் பயந்து நாட்டின் எல்லையை மூடிவிட்டார்கள். ராஸ்பெரி பறிக்க வெளியிலிருந்து வரும் கூலியாட்கள் அந்த ஆண்டு வரவில்லை. போதாக்குறைக்கு, "பழத்துல கிருமி இருந்தா நம்ம பழத்த வாங்கற ஜெர்மன்காரன் லாரியத் திருப்பி அனுப்பிடுவானாம்" என்று யாரோ கொளுத்திப் போட்டார்கள். ராஸ்பெரியை நம்பிப் பிழைக்கும் அரில்யே மலைச்சரிவு முழுக்கப் பீதி. டாக்டரைக் கேட்டார்களா? இல்லை. கிணறு வெட்ட நீரோட்டம் பார்க்கும் விதோமிரைக் கேட்டார்கள்! மண்ணுக்குள் ஓடும் தண்ணீரைக் காட்டும் குச்சி, பழத்துக்குள் இருக்கும் கிருமியைக் காட்டாதா? ஆகா, என்ன அறிவு!

தேவாலயத் திடலில் கூட்டம் நெரிந்தது. தொற்றுக்குப் பயந்தவர்கள்தான் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். விதோமிர் கவட்டைக் குச்சியைப் பெட்டி மேல் நீட்டுவார். அசையாவிட்டால் சுத்தம், சிவப்பு நூல் கட்டுவார். குனிந்தால் தோஷம், பெட்டி அவர் வண்டியில் ஏறும். காட்டுக் குழியில் போட்டுப் புதைப்பாராம். ஊருக்காக எப்பேர்ப்பட்ட தியாகம்!

ராதோய்காவும் தன் பெட்டிகளோடு வந்திருந்தாள். கணவனை இழந்தவள். ஆளில்லாமல் இடுப்பொடியத் தனியாகப் பறித்த பழம், ஆண்டு முழுக்க வீடு ஓடுவது அதில்தான். அதில் பாதியைக் குச்சி விழுங்கிவிட்டது.

மறுநாள் மிச்சப் பழத்தை விற்கக் குளிர்கிடங்குக்குப் போனாள். அங்கே விதோமிரின் மச்சான் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தான். பெட்டிகளில் அவள் கணவன் சூட்டுக்கோலால் பொறித்த பெயர்! "இது என் பெட்டிடா" என்று ஒன்றைப் பிடுங்கி, போர்வையால் மூடி, நேரே திடலுக்கு வந்தாள்.

"அண்ணே, இதையும் கொஞ்சம் பாருங்க."

"போர்வைய எடும்மா."

"பாறைக்கு அடியில இருக்கற தண்ணியே தெரியுது. போர்வை மறைச்சிடுமா?"

கூட்டம் சிரித்தது. நேற்றே பாதியைப் பறிகொடுத்தவள், இன்றும் கைவைத்தால் வம்பு என்று விதோமிர் நினைத்திருக்க வேண்டும். குச்சி அசையவில்லை.

"சுத்தம்மா! தாராளமா விக்கலாம்."

ராதோய்கா போர்வையை உருவினாள்.

"நேத்து இதே பெட்டிக்குத்தான் உங்க குச்சி குனிஞ்சுது. குழியில புதைச்சிட்டேன்னீங்க. இப்ப உங்க மச்சான் குளிர்கிடங்குல வித்துக்கிட்டிருக்கான். புதைச்ச பழம் நடந்து போச்சா?"

விதோமிருக்கு வேர்த்தது. "நேத்து இருந்த கிருமி ராத்திரியே செத்திருக்கும்மா..."

"அப்ப ஒரு ராத்திரி சும்மா வெச்சிருந்தாலே போதுமே! நீங்க எதுக்கு?"

 கூட்டம் நேரே போய் அவர் கொட்டகையைத் திறந்தது. ஊர்ப் பழமெல்லாம் கூரை வரை அடுக்கியிருந்தது. புதைத்தவர் மட்டும் கொல்லைப்பக்கம் வேலி தாண்டிக்கொண்டிருந்தார்.

ராதோய்கா தன் பெட்டிகளை வண்டியில் ஏற்றினாள். பக்கத்துத் தோட்டத்துத் திகோமிர் மெல்ல வந்து கேட்டார்:

"ஏம்மா, வேற ஊர்ல நல்ல குச்சிக்காரன் யாராவது இருக்கானா?"

அவளுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

"எதுக்கு மாமா ஊர் ஊராத் தேடுறீங்க? உங்க மண்டைக்குள்ள ஒண்ணு சும்மாவே கிடக்கு. எடுத்துப் பயன்படுத்துங்க, இன்னும் புத்தம் புதுசாத்தான் இருக்கும்!"