டிராகனின் நாக்கில் ஏழு

டிராகனின் நாக்கில் ஏழு என்று எழுதியிருந்தது. சிவப்பு மையில், பெரிதாக.

கூடைப்பந்துப் பயிற்சி முடிந்து வந்தவள் ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

கூடத்தில் துணி காயப்போடும் கயிற்றில் மூன்று காகித டிராகன்கள் ஆடிக்கொண்டிருந்தன. கீழே பாயில் தாத்தா. அவருக்கு இரண்டு பக்கமும் தங்கையும் தம்பியும். தங்கைக்கு ஏழு வயது, செய்யும் சேட்டைக்கு வாலு என்றே பெயர் நிலைத்துவிட்டது. தம்பிக்கு நாலு வயது, அவன் சின்னவன்.

"இந்தப் பேப்பரெல்லாம் ஏது தாத்தா?"

"பரண் மேல என் பழைய கட்டு ஒண்ணு கிடந்துச்சே, அது."

அவள் பரணை அண்ணாந்து பார்த்தாள்.

தாத்தா முப்பத்தைந்து வருஷம் அச்சகத்தில் புத்தகம் பைண்டிங் செய்தவர். ஒரு துண்டுக் காகிதத்தையும் எறிய மாட்டார், கட்டிப் பரணில் போட்டுவிடுவார். போட்ட கட்டை யாரும் தொட்டதில்லை. அந்தத் தைரியத்தில்தான் மூன்று நாள் முன்னால் அவள் தன் மார்க் ஷீட்டை அதற்குள் செருகி வைத்தாள். கணிதம்: 27. பத்தாம் வகுப்பு. நாளைக்குக் கையெழுத்தோடு திருப்பித் தர வேண்டும்.

அம்மா முன்னறையில் கணக்கு டியூஷன் எடுப்பவள். "நான் படிக்கிறப்போ தொண்ணூறுக்குக் கீழ இறங்கினதே இல்ல" என்பது அவளுடைய தினசரிப் பிரார்த்தனை. "அம்பதுக்குக் கீழ வாங்கிப் பாரு, அந்த ஷூவைக் குப்பையில போடறேன்" என்பது அதன் இரண்டாம் பாகம். சனிக்கிழமை இறுதிப் போட்டி.

"எல்லாமே பழுப்பா இருக்கே?" என்றாள், குரல் நடுங்காமல்.

"டீத்தண்ணியில முக்கி எடுத்தேன். டிராகன் தோல் வெள்ளை வெளேர்னா இருக்கும்?" தாத்தா ஒரு பட்டையை இன்னொன்றின் மேல் மாற்றி மாற்றி மடித்தார். உடம்பு ஸ்பிரிங் மாதிரி எழும்பியது. "பேப்பருக்கும் நார் உண்டு பாரு. புதுப் பேப்பர் முறிஞ்சுக்குது, அதை ஓரமா வெச்சுட்டேன். கட்டுக்கு அடியில நல்லாப் பழகின பேப்பர் ஒண்ணு மாட்டுச்சு. சொன்ன பேச்சைக் கேக்குது."

சொல்லிவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தார். அது என்ன சிரிப்பு? தெரிந்த சிரிப்பா, தெரியாத சிரிப்பா?

டிராகனின் வயிற்றில் 'கணிதம்' என்ற எழுத்து மடிப்புக்குள் போய்ப் போய் வந்தது. நாக்கில் ஏழு. இருபதைக் கத்தரிக்கோல் எங்கே கொண்டுபோய் வைத்ததோ.

வாலுவைத் தனியாக இழுத்தாள்.

"அந்த நாக்கு வெச்ச டிராகனை எனக்குத் தரியா?"

"எதுக்கு?"

"சும்மாதான். அழகா இருக்கு."

வாலு கண்ணை இடுக்கினாள். "நேத்து நான் வரைஞ்ச படத்தைக் காக்கா கிறுக்கின மாதிரி இருக்குன்னே. இன்னிக்கு மட்டும் அழகா?"

"என் கலர் பென்சில் டப்பா தரேன்டி."

அங்கேதான் தப்பு நடந்தது. அந்த டப்பாவைத் தொட்டதற்காக வாலு போன மாதம் குட்டு வாங்கியிருந்தாள்.

"டப்பாவையே தரேங்கிறியா? அப்போ அதுல ஏதோ இருக்கு! தாத்தா, அக்கா என்னமோ மறைக்கிறா!"

வாலு கத்தி முடிப்பதற்குள் அவள் பாய்ந்து நாக்கைப் பிடுங்கினாள். நாக்கோடு தலையும் கையில் வந்தது. சின்னவன் வீடு அதிர அலறினான்.

"டிராகன் செத்துப் போச்சூ!"

முன்னறையில் வாய்ப்பாடு நின்றது. செருப்புச் சத்தம் வந்தது. தலையைக் கீழே போட்டாள், நாக்கை வாய்க்குள் போட்டுக்கொண்டாள். பசையும் டீயும் சேர்ந்து குமட்டியது.

"என்னடி கூத்து இங்க?" என்று வந்த அம்மா, கயிற்றைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். தலையில்லாத டிராகனின் வயிறு அவள் மூக்குக்கு நேராக ஆடியது. க-ணி-த-ம்.

"அப்பா. இந்தப் பேப்பர் எங்கேருந்து எடுத்தீங்க?"

மெல்லக் கேட்டாள். அம்மா கத்தினால் பயமில்லை, கத்தி ஓய்ந்துவிடுவாள். மெல்லப் பேசினால்தான் ஆபத்து.

"பரண்ல இருந்த என் கட்டும்மா."

"அதை எதுக்குத் தொட்டீங்க?"

"நல்ல கதையா இருக்கே. என் கட்டை நான் தொடக்கூடாதா?"

"ஒரே தூசி, பூச்சி. குழந்தைங்களுக்கு ஆகாது. எல்லாத்தையும் குடுங்க, எரிச்சிடறேன்."

எரிப்பதா? பழைய ரசீதைக்கூடப் பின்பக்கம் கணக்குப் போட எடுத்து வைக்கிற அம்மாவா? அவளுக்குப் புரிந்துவிட்டது. இது பரீட்சை. அம்மாவுக்கு எல்லாம் தெரியும். தானாக ஒத்துக்கொள்கிறாளா என்று ஆழம் பார்க்கிறாள்.

"நான் எரிக்கிறேம்மா," என்றாள் நாக்கை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு.

"நீ போய்ப் படி."

"நீ போய்ப் பாடம் எடும்மா. பசங்க காத்திட்டிருக்காங்க."

"விடுடி."

"நீ விடும்மா."

ஆளுக்கொரு முனையை இழுத்தார்கள். டிராகன் ஒரு முழம் நீண்டது, இரண்டு முழம் நீண்டது, பட்டென்று அறுந்தது. தன் பாதியை அவள் முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். அம்மாவும் முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். ஏன் என்று யோசிக்க அவளுக்கு அப்போது நேரமில்லை. கதவிடுக்கில் ஐந்து டியூஷன் தலைகள் முளைத்திருந்தன.

"மிஸ், அக்கா வாயில என்னமோ இருக்கு," என்றது ஒரு தலை.

அவ்வளவுதான், அணை உடைந்தது. நாக்கைக் கையில் துப்பினாள். அழுகையும் கூடவே வந்தது.

"என்னை விட்டுடும்மா! அது என் மார்க் ஷீட்டுதான். கணக்குல இருபத்தேழு. நான்தான் கட்டுல ஒளிச்சு வெச்சேன். ஷூவை மட்டும் போட்டுடாதம்மா, சனிக்கிழமை மட்டும் விளையாடிக்கறேன்!"

அம்மாவின் முகத்தில் கோபம் வர வேண்டிய இடத்தில் நீளமாக ஒரு பெருமூச்சு வந்தது. "உன்னோடதா?" என்றாள். "உன்னோடதுதானா? நல்லாத் தெரியுமா?"

"ஆமாம்மா."

அம்மா நிமிர்ந்தாள். புடவைத் தலைப்பை உதறிச் செருகினாள். குரல் பழையபடி முன்னறைக்கும் தெருவுக்கும் சேர்த்து ஏறியது.

"இருபத்தேழு! ஒளிச்சு வேற வெச்சியா? என் வயித்துல பொறந்துட்டு இருபத்தேழா? உன் வயசுல நான் எப்படிப் படிச்சேன்னு இதோ உக்காந்திருக்காரே உன் தாத்தா, அவரையே கேளு. தொண்ணூறு! தொண்ணூறுக்குக் கீழ ஒரு தடவை..."

தாத்தா பெருமையாகத் தலையாட்டினார்.

பாயில் குப்புறப் படுத்து, செத்த டிராகனின் தலையைப் பசையிலிருந்து உரித்துக்கொண்டிருந்த வாலு நிமிர்ந்தாள்.

"அக்காவோடது புதுசு, மடியலன்னு தாத்தா அப்பவே அவ மேஜையில வெச்சுட்டாரும்மா, இதுல ஏழுக்கு முன்னாடி ரெண்டு இல்ல, ஒண்ணுதான் இருக்கு, றெக்கையில உன் பேர் இருக்கு, பெற்றோர் கையெழுத்துன்னு போட்ட இடம் மட்டும் காலியா இருக்கு... தாத்தா, பேனா தரட்டா?"