மச்சம் விழுந்த இலை

கதலிநாட்டில் கொடியும் வாழையிலைதான், வாக்குச்சீட்டும் வாழையிலைதான். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அரசன் நாட்டுக்கே விருந்து வைப்பான். உண்டவர்கள் இலையைத் தம் பக்கம் மடித்தால் அவன் நீடிப்பான். எதிர்ப்பக்கம் மடித்தால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

ஒரு மழைக்காலத்தில் வாழையிலைகளில் பழுப்புப் புள்ளி விழுந்தது. இது பூஞ்சை நோய், அது கக்கும் நஞ்சு இலையைக் கருக்கிவிடும், புள்ளி கண்ட இலையை உடனே அறுத்து எரியுங்கள் என்றார் அரண்மனைத் தோட்ட வைத்தியர். அவரை ஓய்வெடுக்க அனுப்பினார்கள். இன்றுவரை எடுத்துக்கொண்டிருக்கிறார்.

"நம் கொடியில் நோயா? அது மச்சம்! அதிர்ஷ்டத்தின் அறிகுறி!" என்று முழங்கினார் மகாமந்திரி மார்த்தாண்ட பூபதி. மச்ச இலையை அறுப்பது ராஜத்துரோகம் என்று பறை அறைந்தார்கள்.

ஆற்றங்கரைக் குருவம்மாளுக்கு வாயெல்லாம் பல். அவளுக்கும் மகளுக்கும் சோறு போடுவது அவளுடைய வாழைத்தோட்டம்தான். நாட்டிலேயே அதில்தான் மச்சம் அதிகம்.

"இந்த அதிர்ஷ்டம் யாருக்கு அடிக்கும்!" என்று மந்திரி கையால் பட்டுச்சால்வை வாங்கிப் போர்த்திக்கொண்டாள்.

புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து இலைகள் கருகின. பச்சைச் சாயம் பூச ஆணை வந்தது. பின்னாலேயே சாய வரியும் வந்தது. கருகிய இலை குலைக்கு என்னத்தை ஊட்டும்? காய்கள் முற்றாமலே சுண்டுவிரல் அளவில் பழுத்தன.

"முற்றுவதற்கு முன்பே பழுக்கிறது! இதுவன்றோ துரித வளர்ச்சி!" என்றார் மந்திரி.

சந்தையில் அந்தப் பழத்தை ஒருவரும் சீந்தவில்லை. "சால்வையைத் தின்னவா முடியும்?" என்று கேட்டாள் மகள்.

விருந்து நாள் வந்தது. எதிர்ப்பக்கம் மடித்தே தீருவது என்று நாடே பந்தியில் உட்கார்ந்தது. சோற்றில் சாயம் ஒட்டியது. பொறுத்துக்கொண்டு தின்றுவிட்டு, குருவம்மாள் இலையை மடிக்கப் போனாள். அது அப்பளம்போல் நொறுங்கியது. பந்தி முழுக்க அதே சத்தம்.

மகாமந்திரி தொண்டையைச் செருமினார். "மடிக்கப்படாத இலைகள் யாவும் மன்னருக்கே ஆதரவு எனச் சட்டம் கூறுகிறது."

குருவம்மாளுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது, பாதி அவர்மேல், பாதி தன்மேல். வீட்டுக்குப் போய் அரிவாளை எடுத்துக்கொண்டு அரண்மனை வாசலுக்கு வந்தாள்.

"அரிவா எதுக்கும்மா? தோட்டத்துலதான் அறுக்க ஒண்ணுமில்லியே?" என்றான் காவலாளி. அவன் விரல்களிலும் பச்சைச் சாயம் ஒட்டியிருந்தது.

"தப்புப் பண்ணிட்டோம்யா. மொதப் புள்ளி எங்க விழுந்துச்சுன்னு பாக்காம, சால்வையப் போத்திக்கிட்டு நின்னுட்டோம். அத அறுக்கத்தான் வந்திருக்கேன்."

காவலாளி ஒருமுறை உள்ளே திரும்பிப் பார்த்தான். பிறகு கதவைத் திறந்துவிட்டான்.