வெள்ளைக்கு அடங்காத வண்டி

தேய்க்கத் தேய்க்கத் துரு பெரிதாகிக்கொண்டே போனது.

காலையில் தமிழ்வேந்தன் உப்புத்தாளைக் கையில் எடுத்தபோது, அம்பாசிடரின் பானெட்டில் ஒரு பொட்டு அளவுக்குத்தான் துரு இருந்தது. காபி குடித்து முடிப்பதற்குள் அது அப்பளம் ஆனது. இப்போது தோசைக்கல் ஆகிவிட்டது.

உள்ளேயிருந்து வந்த அவன் மனைவி நிர்மலா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இன்னாங்க, வண்டியத் தேய்க்கிறீங்களா, தீத்துக் கட்டறீங்களா?"

"துருவ வேரோட எடுக்கணும் நிர்மலா. அப்பதான் பெயிண்டு நிக்கும்."

"முதல்ல வண்டி நிக்கணும்."

அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அந்த அம்பாசிடர், திருநாவலூரில் இருக்கும் அவள் அப்பா பொன்னுரங்கம் கல்யாணத்தின்போது மாப்பிள்ளைக்குக் கொடுத்தது. கொடுத்த நாள் முதலாக அவருக்கும் மாப்பிள்ளைக்கும் சுமுகம் இல்லை. வடக்கனந்தலில் இருக்கும் மகள் வீட்டுக்கு எப்போது வந்தாலும் வாசலில் நிற்கும் வண்டியை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்ப்பார். ஒரு பெருமூச்சு விட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, பேரப்பிள்ளைகளிடம் போய்விடுவார். வண்டியின் வெள்ளை மங்கிப் பழுப்பானதுதான் அவர் மனத்தாங்கலுக்குக் காரணம் என்று தமிழ்வேந்தன் நம்பினான். மரவள்ளி மூட்டை ஏற்றியே அதை அந்தக் கதிக்கு ஆளாக்கியவன் அவன்தான்.

போன வாரம் மாமனார் போன் செய்திருந்தார்.

"மாசியில கரியாலூர்ல கொலசாமிக்குப் பொங்க வெக்கிறோம். நம்ம வண்டியிலதான் வரணும். கண்ணாடி கணக்கா இருக்கணும். இல்லன்னா அங்கியே சாவியக் குடுத்துடுங்க. சுப்புராயன் வெச்சிக்கட்டும்."

சுப்புராயன், நிர்மலாவின் அக்காள் புருஷன். ஏற்கெனவே புதுக் கார் வைத்திருப்பவன். அவன் தேவைக்காக இல்லாவிட்டாலும், தமிழ்வேந்தனுக்கு இல்லை என்பதற்காகவாவது அந்த அம்பாசிடரை வாங்கிக்கொள்வான்.

கள்ளக்குறிச்சிப் பட்டறையில் கேட்டால், கல்யாண சீசன், மாசி முடிந்து வா என்றார்கள். "நானே அடிச்சிக்கிறேன்" என்று தமிழ்வேந்தன் அங்கேயே சொல்லிவிட்டான். சொன்னது எப்படியோ சுப்புராயன் காதுக்கும் போய், அவன் போன் போட்டு ஐந்து நிமிடம் பேசாமல் சிரித்துவிட்டு வைத்தான். அதற்கப்புறம் பின்வாங்க முடியுமா?

தோசைக்கல் அளவுத் துருவுக்குப் பட்டி வைத்து, வெள்ளை பூசினான். காய்ந்ததும் பார்த்தால், பானெட்டில் பிளாஸ்திரி ஒட்டிய மாதிரி அது மட்டும் பளிச்சென்று தெரிந்தது. சரி, பானெட் முழுவதும் அடித்துவிடலாம் என்று அடித்தான். இப்போது பானெட் மட்டும் வேட்டி, மற்ற இடமெல்லாம் கோணிப்பை.

"நல்லா இருந்த வண்டி" என்றாள் நிர்மலா.

"நல்லாவா இருந்துச்சி?"

"ஒரே மாதிரியாவது இருந்துச்சே!"

முழு வண்டியையும் அடிப்பது என்று முடிவானது. பஞ்சர் கடை இருசப்பன் கம்ப்ரசரையும், எங்கோ கிடைத்த ஸ்பிரே கன்னையும் கொண்டுவந்து இறக்கினான். கூடவே யோசனைகளையும் இறக்கினான்.

"பழைய பெயிண்ட சுத்தமா எடுத்துடணும்ணா. அஸ்திவாரம் முக்கியம்."

இரண்டு பேரும் சேர்ந்து தேய்த்தார்கள். வெள்ளை போனதும் அடியில் வெளிறிய சிவப்பில் ஒரு பூச்சு தெரிந்தது.

"இது இன்னாடா?"

"பிரைமர்ணா. ரெட் ஆக்சைடு. கேட்டுக்கு அடிக்கிறதில்லையா? அது இருந்தா துரு வராது. வுட்டுடு."

விட்டுவிட்டார்கள். அதன் மேல் தமிழ்வேந்தன் முதல் கோட் வெள்ளை அடித்தான். காலை வெயிலில் வண்டி பால் மாதிரி நின்றது. தெருவில் போன ஆயம்மாள் அக்கா நின்று, "நம்ம வேந்தனா அடிச்சான்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அவனுக்கு நெஞ்சு நிறைந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தான்.

வண்டி வெட்கப்பட்டுக்கொண்டிருந்தது.

கதவு, கூரை, பானெட் எங்கும் வெள்ளைக்குள்ளிருந்து ஒரு சிவப்பு கசிந்து ஏறி, புதுப்பெண் கன்னம் மாதிரி ஆகியிருந்தது.

"இருசப்பா! வண்டி செவந்துக்கினு வருதுடா!"

இருசப்பன் வந்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். "ஒரு கோட்டு பத்தலண்ணா. கெட்டியா இன்னொண்ணு போடு."

கெட்டியாகப் போட்டான். ஸ்பிரே கன் அடைத்துக்கொண்டது. தின்னரை ஜாஸ்தியாக ஊற்றிக் கரைத்து அடித்தான். தின்னர் ஏற ஏறச் சிவப்பும் ஏறியது. சாயங்காலத்துக்குள் புதுப்பெண் கன்னம் ரோஸ் மில்க் ஆகிவிட்டது.

மறுநாள் இருசப்பன் புது யோசனையோடு வந்தான்.

"வேட்டி பழுப்பேறினா இன்னா பண்றோம்? நீலம் போடறோம். வெள்ளையில கொஞ்சம் நீல பெயிண்ட கலந்து அடிண்ணா, சேப்பு அடங்கிடும்."

சிவப்பு அடங்கவில்லை. நீலத்தோடு கூட்டு சேர்ந்தது. வண்டி கத்தரிப்பூ நிறத்துக்கு வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் வேலி ஓரம் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். "நாளைக்கு இன்னா கலருண்ணா?" என்று ஒருவன் உண்மையான ஆர்வத்தோடு கேட்டான்.

அதைத் தேய்த்து எடுத்து, மறுபடி வெள்ளை அடித்த நேரத்தில், பக்கத்து நிலத்தில் மக்காச்சோளம் அடிக்கும் மிஷினைப் போட்டார்கள். காற்று இந்தப் பக்கம் திரும்பியது. தமிழ்வேந்தன் துண்டை வீசி வீசி விரட்டினான். சோளத் தூசி விரட்டுக்கு அஞ்சுமா? ஈர பெயிண்டில் வந்து வந்து உட்கார்ந்தது. அம்பாசிடருக்கு உடம்பெல்லாம் மயிர் முளைத்தது. அந்த மயிருக்கு அடியிலும் ரோஸ் ஏறிக்கொண்டிருந்தது.

அவன் ஸ்பிரே கன்னைக் கீழே போட்டுவிட்டு, டயரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். முகம், முடி, மீசை எல்லாம் வெள்ளை. மனிதன் மட்டும்தான் அவன் நினைத்த நிறத்துக்கு வந்திருந்தான்.

"சாவியக் குடுத்துடறேன் நிர்மலா. சுப்புராயனே ஓட்டட்டும்."

நிர்மலா வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். கைவிரலால் கதவைத் தடவிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், கேட்டுக்கு அடித்து மீந்துபோன சிவப்பு பெயிண்ட் டப்பாவோடு வந்தாள்.

"இது எதுக்கு?"

"வெள்ளைய அடிச்சி அடிச்சி அதுகிட்ட தோத்துக்கினே இருக்கிறோம். ரோஸா வரேன்னுது இல்ல? வரட்டும். அரைகுறையா வராம நல்ல ரோஸா வரட்டும்."

"உங்க அப்பா…"

"எங்கப்பா கண்ணாடி கணக்கா இருக்கணும்னுதான் சொன்னாரு. இன்னா கலரு கண்ணாடின்னு சொல்லல. எழுந்திருங்க."

அவன் எழுந்தான்.

அதற்குப் பிறகு வேலை வேறு மாதிரி நடந்தது. நிர்மலா பீரோவிலிருந்த பழைய புடவைகளையெல்லாம் எடுத்து, நனைத்து, வண்டியைச் சுற்றிலும் கொடி கட்டித் தொங்கவிட்டாள். சோளத் தூசி புடவையிலேயே ஒட்டிக்கொண்டது. தரையில் தண்ணீர் தெளித்தாள். இருசப்பனைப் பார்த்து, "நீ யோசனை சொல்லாம கம்ப்ரசர மட்டும் பாத்துக்க" என்றாள். அவன் வாயை மூடிக்கொண்டது வேலைக்குப் பெரிய உதவியாக இருந்தது.

வெள்ளையில் சிவப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கி, ஒரு தகரத்தில் பூசிப் பூசிப் பார்த்து, நிறத்தைப் பிடித்தாள். வழவழவென்று தேய்த்து வைத்த வண்டியில் தமிழ்வேந்தன் அதை அடித்தான். இத்தனை நாள் கெடுத்துக் கெடுத்துப் பழகியதில் கை அவனுக்கே தெரியாமல் தேறியிருந்தது. கன்னை எவ்வளவு தள்ளிப் பிடிக்க வேண்டும், எங்கே நிறுத்தாமல் இழுக்க வேண்டும் என்பதெல்லாம் கைக்குத் தெரிந்தது. ஒரு இடத்திலும் ஒழுகவில்லை. ஒரு இடத்திலும் திரளவில்லை.

காய்ந்த பிறகு மெழுகு போட்டுத் துடைத்தார்கள். பானெட்டில் நிர்மலாவின் முகம் தெரிந்தது. குனிந்து அதிலேயே பொட்டைச் சரி செய்துகொண்டாள்.

"எப்படிங்க இருக்குது?"

தமிழ்வேந்தன் நாலடி பின்னால் போய் நின்று பார்த்தான். சந்தையில் மொத்தமாக ரோஜாப்பூவைக் கொட்டி வைத்த மாதிரி நின்றது வண்டி. இதை நாம் செய்தோம் என்று அவனால் நம்ப முடியவில்லை. "யார் கேட்டாலும் வேணும்னேதான் அடிச்சோம்னு சொல்லிடுவோம்" என்றான்.

"இனிமே அதான் உண்மை" என்றாள் நிர்மலா.

குலசாமிக்குப் பொங்கல் வைக்கும் நாளில் எல்லாரும் கச்சிராயபாளையத்தில் சேர்ந்து, அங்கிருந்து கரியாலூருக்கு மலை ஏறுவதாக ஏற்பாடு. தமிழ்வேந்தன் போய்ச் சேர்ந்தபோது சுப்புராயனின் புதுக் கார் டீக்கடை ஓரம் நின்றது. மாமனாரும் மாமியார் ராஜாம்பாளும் அதில்தான் வந்திருந்தார்கள். சுப்புராயன் கையில் டீ கிளாஸ். அம்பாசிடர் வளைவில் திரும்பியதும் கிளாஸ் பாதி வழியில் நின்றது.

"இன்னா சகல! சர்க்கஸ்ல சேந்துட்டீங்களா?"

டீக்கடையே திரும்பிப் பார்த்தது. தமிழ்வேந்தன் கண் மாமனார் மேல்தான் இருந்தது. சாவியை விரல்களுக்குள் இறுக்கிப் பிடித்தபடி இறங்கினான். கேட்டால் கொடுத்துவிட வேண்டியதுதான்.

பொன்னுரங்கம் வண்டியைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். மறுபடி வண்டியைப் பார்த்தார். வழக்கமான பெருமூச்சு வரவில்லை. மெல்ல நடந்து வந்து, பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். கன்றுக்குட்டியைத் தடவுகிற மாதிரி ஒரு தடவு தடவினார்.

"இந்தக் கலரு யாரு அடிச்சது?"

"நான்தான் மாமா. நிர்மலாவும் நானும்."

"யாரு சொல்லி அடிச்சீங்க?"

"யாரும் சொல்லல மாமா."

"உங்களுக்கே இது புடிச்சிதா?"

தமிழ்வேந்தன் நிர்மலாவைப் பார்த்தான். அவள் கண்ணாலேயே சொல்லச் சொன்னாள்.

"ரொம்பப் புடிக்கும் மாமா. எனக்கு இந்தக் கலருதான் ஆசை."

பொன்னுரங்கம் அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கல்யாணத்தில் தாரை வார்த்தபோது பிடித்தது. அதற்கப்புறம் இப்போதுதான் பிடிக்கிறார். கண் கலங்கியிருந்தது.

"தெரியாம போச்சே மாப்ள! இத்தன வருசம் தெரியாமப் போச்சே!"

எது தெரியாமல் போனது என்று தமிழ்வேந்தனுக்கு விளங்கவில்லை. விளக்கம் கேட்கிற நேரமாகவும் அது படவில்லை.

"ராஜாம்பா! பொங்கப் பானைய எடுத்து இந்த வண்டியில வையி!" என்றார் மாமனார், டீக்கடை முழுக்கக் கேட்கும்படி. "நான் மாப்ளகூட முன்னால குந்திக்கினு போறேன்."

"மாமா, நம்ம வண்டியில ஏசி இருக்குதே" என்றான் சுப்புராயன்.

"நீ ஏசிய போட்டுக்கினு பின்னால வா."

வண்டி மலை ஏறியது. கொண்டை ஊசி வளைவுகளில் அம்பாசிடர் முனகிக்கொண்டே ஏறியது, ஆனால் ஓர் இடத்திலும் நிற்கவில்லை. எதிரே வந்த பஸ் டிரைவர் ஹாரன் அடித்துக் கையாட்டினார். மரவள்ளிக் காட்டில் உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்து நின்று சிரித்தார்கள். பொன்னுரங்கம் ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் திருப்பிக் கையாட்டிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும், "எம்மாப்ள அடிச்சது! சொந்தக் கையால அடிச்சது!" என்று கத்தினார். கரியாலூர் வருவதற்குள் தமிழ்வேந்தனின் தோளில் ஒரு முறை தட்டினார், தொடையில் ஒரு முறை தட்டினார். பின்னால் சுப்புராயன், கண்ணாடியை ஏற்றிவிட்டு, அவர்கள் கிளப்பிய புழுதியிலேயே வந்தான்.

கோயில் வாசலில் இறங்கியதும் சொந்தக்காரர்கள் வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். பொன்னுரங்கம் ஒவ்வொருவராகக் கூட்டி வந்து பானெட்டில் முகம் பார்க்கச் சொன்னார். "இந்த வண்டி சாவும் மட்டும் எம்மாப்ளகிட்டதான் இருக்கும்" என்று சாமி சாட்சியாக அறிவித்தார். தமிழ்வேந்தனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்போதுதான் கவனித்தான். வழி நெடுக ஒரு வார்த்தையும் பேசாமல் வந்த மாமியார், இடுப்பில் பானையோடு வண்டிப் பக்கமே திரும்பாமல் நின்றாள். அவன் சிரித்தபடி அவளிடம் போனான்.

"இன்னா அத்தே, வண்டி நல்லா இல்லியா?"

ராஜாம்பாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

"ஆச ஆசையா இதே ரோஸு வண்டிய வாங்கியாந்து நிறுத்துனாரே இந்த மனுசன், ஊரு சிரிக்குமேன்னு, 'மாப்ளைக்கு ரோஸு ஆவாதாம், வெள்ளதான் வேணுமாம்'னு உங்க பேர்ல ஒரு பொய்ய சொல்லி, பொண்ணு கண்ணுல படறதுக்குள்ள நான் வெள்ள அடிக்க வெச்சா, அத்தப் போயி சொரண்டி எடுத்துட்டு வந்து நல்லாருக்குதான்னு என்னியே கேக்கிறீங்களா மாப்ள?"