சர்க்கரைக்கு வாயை மூடிய சம்பந்தி

பாதி வைத்தியம் தெரிந்தவனுக்கு முழு வைத்தியரைவிடத் தைரியம் அதிகம். நான் அப்படிப்பட்ட தைரியசாலி.

பாப்பிரெட்டிப்பட்டியில் பழைய பேட்டரியைப் பிரித்துச் சரிசெய்யும் கடை எனக்கு. கையுறை, முகமூடி எதுவும் போடாமல் வருஷக்கணக்கில் ஈயத்தோடு புழங்கியதில் அது ரத்தத்தில் ஏறிவிட்டது. ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரையைப் பெரியாஸ்பத்திரி டாக்டர் கொடுத்தார். கீலேஷன் என்று பெயர். இடையில் நெஞ்சுச்சளிக்கும் மாத்திரை தின்றேன். அந்தச் சமயம் பார்த்து, நாக்கில் தயிர் உறைந்தாற்போல வெள்ளை படிந்தது.

"ஈஸ்ட்னு ஒரு காளான், வாயில பெருகியிருக்கு," என்றார் டாக்டர். "இந்த ஊதா மருந்தத் தடவுங்க. ஈய மாத்திரைய நிறுத்தாதீங்க. இனிப்பக் கொஞ்சம் கொறைச்சுக்கங்க, சாப்பிட்டதும் வாய் கொப்பளிங்க."

கொஞ்சம் குறைப்பதா? (நோன்பு நாளில் எச்சிலையே யோசித்து விழுங்குகிற ஆள் நான்.) குணமாகும்வரை இனிப்பு என் நாக்கில் படாது என்று அல்லாஹ்வின் மீது சத்தியம் செய்தேன். வீட்டில் சர்க்கரை டப்பா பீரோவுக்குப் போனது. ஈஸ்ட் போட்டுச் செய்வதால் பன்னுக்குத் தடை. புளிக்கும் என்பதால் இட்லி மாவுக்கும் தடை.

"காளான் உங்க வாயில. எங்க வாய என்னத்துக்குக் கட்டறீங்க?" என்றாள் மனைவி.

இந்த நிலையில் மகள் நஸ்ரினைப் பெண் கேட்டுக் கம்பைநல்லூரிலிருந்து வந்தார்கள். பையன் தொழுகையாளி, நல்ல வேலை. நஸ்ரினுக்கும் பிடித்திருந்தது. எல்லாம் பேசி முடித்தாயிற்று. எங்கள் குடும்பங்களில் இரண்டு தகப்பன்மாரும் ஒருவர் வாயில் ஒருவர் சர்க்கரை போட்டால்தான் சம்பந்தம் உறுதி.

பையனின் அத்தா கரண்டியோடு எழுந்து வந்தார். நான் வாயை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டினேன்.

அவர் கரண்டியைத் தாழ்த்தினார்.

"என்னங்க பாய், எங்க பையன்ல என்ன கொறை?"

"கொறையே இல்லீங்க. என் வாயிலதான் காளான் மொளைச்சிருக்கு. சர்க்கரை பட்டா பெருகிடும்."

"பொண்ணு குடுக்க மனசில்லைன்னா நேரா சொல்லுங்க. காளான் கீளான்னு எதுக்குக் கத கட்டறீங்க," என்று அவர் தம்பி செருப்பைத் தேடினார்.

மானமா, மகளா? வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் முழு நாக்கையும் நீட்டினேன். மருந்து தடவித் தடவிக் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. பையனின் அம்மா முக்காட்டை இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பையனின் அத்தா மட்டும் செல்போன் டார்ச்சை அடித்து உள்நாக்குவரை பார்வையிட்டார். (எந்த டாக்டரும் என்னை அவ்வளவு நிதானமாகப் பார்த்ததில்லை.)

கூப்பிடும்வரை வெளியே வரக்கூடாத கல்யாணப்பெண், கையில் போனோடு கூடத்துக்கே வந்துவிட்டாள். "அத்தா, டாக்டர் லைன்ல இருக்காரு."

"சர்க்கரையே கூடாதுன்னு யாரு சொன்னது?" என்றது ஸ்பீக்கர். "ஒரு சிட்டிகையில ஒண்ணும் ஆகாது. அப்புறம் வாய் கொப்பளிக்கச் சொல்லும்மா."

பையனின் அத்தா சிரித்துவிட்டார். "பொண்ணுக்குச் சம்மதம்னு இதுக்குமேல யாரு சொல்லணும்? வாயத் தொறங்க சம்பந்தி."

திறந்தேன். எல்லாரும் துஆவுக்குக் கையேந்தியபோது நான் வாசல் குழாயடியில் கொப்பளித்துக்கொண்டிருந்தேன். (சத்தியத்தை முறித்ததற்குப் பத்து ஏழைகளுக்குச் சோறு போட்டுப் பரிகாரம் செய்தேன். அல்லாஹ் மன்னிப்பான். சம்பந்தியின் தம்பிதான் சந்தேகம்.)

நாக்கு தெளிந்தது, ஈயமும் இறங்கியது. ஆனால் இன்றும் கம்பைநல்லூர் போனால், சலாம் சொன்ன கையோடு சம்பந்தி டார்ச்சைத் தட்டுகிறார். நாக்கை நீட்டிக் காட்டிய பிறகுதான் எனக்கு டீ வருகிறது, தாராளமாகச் சர்க்கரை போட்டு.