கங்கையா கொல்லையில் கிடந்த ரகசியம்

குவித்து வைத்த கடலைக்கொடிப் போரிலிருந்து ஒரு இறக்கை நீட்டிக்கொண்டிருந்தது. கோழி இறக்கை அல்ல. சாம்பல் நிறத்தில், ஆள் நீளத்தில், எண்ணோ பெயரோ எதுவும் எழுதாத இறக்கை.

கோவர்த்தனன் பைக்கை நிறுத்திவிட்டு வயலோரக் கொல்லையில் ஒதுங்க வந்தவன். வந்த வேலையை மறந்து கொடியை விலக்கிப் பார்த்தான். உள்ளே சின்னதாய் ஒரு விமானம். ஓட்டுகிறவன் உட்கார இடமே இல்லை. மூக்கில் ஒரு கண்ணாடிக் கண் மட்டும் இருந்தது. ராணுவத்தின் ஆளில்லா உளவு விமானமேதான். வானத்திலிருந்து விழுந்து நேரே போருக்குள் சொருகிக்கொண்டது என்று அவனே முடிவு கட்டி, செல்போனில் படம் எடுத்தான்.

அவன் ஒரு தெலுங்குப் பத்திரிகைக்கு, ஆந்திர எல்லையோர விஜயபுரம் மண்டல நிருபர். கொஞ்ச காலமாக அவன் அனுப்பியதில் பெரிய செய்தி, காணாமல் போன எருமை தானாகவே வீடு திரும்பியதுதான். செவ்வாய்க்கிழமை மீட்டிங்குக்குத் திருப்பதி போனபோது, டெஸ்க் இன்சார்ஜ் சந்திரசேகர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: "வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள உருப்படியா ஒரு நியூஸ் வரலேன்னா, உன் மண்டலத்தையும் நகரி ரிப்போர்ட்டர் பிரவீனே பாத்துக்குவான். அர்த்தமாயிந்தா, புரிஞ்சுதா?"

இன்றைக்கு வியாழக்கிழமை. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்து கிடந்தது.

ஆனால் பாவி மனுஷனுக்கு மனசாட்சி என்று ஒன்று இருந்தது. முன்பு திருப்பதியில் நடந்த நிருபர் பயிற்சியில் ஓய்வு பெற்ற பத்திரிகையாளர் ஒருவர் பேசினார்: "தலைக்கு மேல என்ன பறக்குதுன்னு தெரிஞ்சிக்கிற உரிமை ஜனங்களுக்கு இருக்கு. ஆனா ராணுவ ரகசியத்த எழுதினா, எதிரியும் அதே பேப்பரத்தான் படிப்பான்." இரண்டும் மோதினால் நிருபர் என்ன செய்வது என்று அவர் வாயெடுத்த நேரம் பிரியாணி வந்துவிட்டது.

அந்த மிச்சப் பேச்சை கோவர்த்தனன் இப்போது வரப்பில் உட்கார்ந்து தானே யோசித்தான். இது எங்கே பறந்தது, எப்படி விழுந்தது என்று தெரிந்தால் யாருக்கு லாபம்? நிச்சயமாக இந்த ஊருக்கு இல்லை. எழுதாவிட்டால் மண்டலம் போய்விடும். இருந்தாலும் எழுதுவதில்லை என்று முடிவு செய்தான். அத்தோடு விட்டானா? வேறு யார் கண்ணிலும் படாமல் காப்பதும் தன் பொறுப்பு என்று நினைத்தான். அங்கேதான் வினை.

கொல்லைக்காரர் கங்கையா மூச்சிரைக்க ஓடி வந்தார். "இன்னா ரிப்போர்ட்டரே, இங்க இன்னா பண்ணிக்கினு கீறே?"

"கிட்ட வராதீங்க மாமா! போருக்குள்ள சிறுத்தப்புலி பூந்துகினு கீது!"

கங்கையா போரைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். "அப்டியா? அப்போ நீ மொதல்ல கெளம்பு. நாங்க பாத்துக்கறோம்."

புலி என்றால் ஊர் ஓட வேண்டும். ஓடத்தான் ஓடியது, போரை நோக்கி. கம்பும் தடியும் தாம்பாளமுமாக வந்து, போரைச் சுற்றி வளைத்து, புலிக்கு முதுகும் கோவர்த்தனனுக்கு முகமுமாக நின்றார்கள். இவ்வளவு தைரியசாலிகளை அவன் எங்கேயும் பார்த்ததில்லை.

இப்படியே விட்டால் யாராவது கொடியைக் கிளறிவிடுவார்கள். அவனுக்குப் பதறியது.

"புலி இல்லீங்க, நான் தப்பா சொல்லிட்டேன்! நம்ப கங்கம்மா ஆத்தா எறங்கிக்கிறா. கூட்டம் கூடுனா ஆத்தாளுக்குக் கோவம் வரும். எல்லாரும் வூட்டுக்குப் போங்க!"

கங்கையாவின் மனைவி லட்சுமம்மா ஒரு நொடி யோசித்தாள். "ஆத்தாளா? அப்போ பொங்க வெக்கணுமே!"

அவ்வளவுதான். செங்கல் வந்தது, பானை வந்தது, போரைச் சுற்றி அடுப்பு மூட்டினார்கள். ஆத்தாளுக்கு அலங்காரம் என்று புடவைகளைத் திரையாகக் கட்டினார்கள். திரைக்குப் பின்னால் இறக்கை தெரிகிறதா என்று கோவர்த்தனன் பயந்துபோய் எட்டிப் பார்த்ததும், லட்சுமம்மாவுக்குச் சாமி வந்துவிட்டது.

"ஆம்பள இங்க நிக்கக் கூடாதுடா!" என்று வேப்பிலைக் கொத்தால் அவனை வரப்பு வரைக்கும் விரட்டினாள். மற்ற ஆம்பளைகள் பீடி பிடித்தபடி திரையோரமே நின்றார்கள். அவர்கள் ஆத்தாள் கண்ணில் படவேயில்லை.

சேதி கேட்டு நகரியிலிருந்து பிரவீனே வந்துவிட்டான். பானைகளைப் படம் எடுத்தான், வயிறாரப் பொங்கல் தின்றான், போனான்.

கொஞ்ச நேரத்தில் போன் அலறியது. சந்திரசேகர்.

"ஏமய்யா! கடலப் போருல கங்கம்மான்னு பிரவீன் போட்டோ அனுப்பறான். உன் மண்டலம்! நீ எங்க இருந்தே?"

"அங்கதான் சார் இருந்தேன்."

"அங்க இருந்துகினு? சரி, வேற ஏதாச்சும் கையில இருக்கா? இருந்தா இப்பவே அனுப்பு. இல்லேன்னா மண்டலம் போச்சு."

செல்போனில் அந்தப் படம் இருந்தது. முதல் பக்கம், கொட்டை எழுத்து, கீழே அவன் பெயர். ஒரு தட்டுத் தட்டினால் போதும். அவனுக்கு அழுகையே வந்தது.

"ஒண்ணும் இல்ல சார்," என்றான். போனை வைத்துவிட்டு, மனசு மாறுவதற்குள் எல்லாப் படத்தையும் அழித்தான்.

பொழுது சாயும் நேரம் மூடிய லாரி ஒன்று வந்தது. சிப்பாய்கள் கொடியை விலக்கி, விமானத்தைத் துணி சுற்றி ஏற்றினார்கள். அதிகாரி கங்கையாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நாட்டுக்காக வேலையையே விட்டவனுக்கும் ஒரு கைகுலுக்கல் கிடைக்காதா என்று கோவர்த்தனன் முன்னால் போய் நின்றான்.

"இவரு யாரு?" என்றார் அதிகாரி.

"கடலைக்கு மருந்தடிக்கிற ஆளு சார்," என்றார் கங்கையா அவசரமாக.

லாரி போய்விட்டது. கோவர்த்தனனுக்கு மனசு ஆறவில்லை.

"மாமா ஏன் அத்தே அப்டி சொன்னாரு? இந்த ரகசியத்தக் காப்பாத்தத்தான் நான் என் பொழப்பையே உட்டேன், தெரியுமா?"

லட்சுமம்மா அடிப்பிடித்த பொங்கலை இலையில் வழித்து அவன் கையில் கொடுத்தாள்.

"நீ காப்பாத்தினியா? போ நைனா! அது செவ்வாக்கெழமையே உழுந்துச்சு. ஆபீசரு அன்னிக்கே வந்து, 'லாரி வர்ற வரைக்கும் ஊரே பாத்தாலும் பரவால்ல, உங்க ரிப்போர்ட்டரு கண்ணுல மட்டும் காட்டிடாதீங்க'ன்னு சொல்லிட்டுப் போனாரு. கொடியப் போட்டு மூடி, புலிக்கு நின்னு, பொங்க வெச்சி, வராத சாமிய வரவெச்சி ஆடி, உன்கிட்டருந்து மறைக்கறதுக்குள்ள எங்களுக்கு உசுரே போயிடுச்சி!"