காட்டுக்குப் பெரட்டு எடுத்தவர்

ஜோகூர் மாநிலத்தில் காட்டைப் பார்த்துக் கோபப்பட்ட ஒரே மனிதர் எங்கள் மண்டோராகத்தான் இருப்பார். மற்றவர்கள் காட்டைப் பார்த்து வியப்பார்கள், பயப்படுவார்கள், படம் எடுப்பார்கள். இவர் திட்டினார்.

தோட்டத்தில் விடிவதற்கு முன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். அதை நடத்தும் மேற்பார்வையாளர்தான் மண்டோர். எங்கள் மண்டோர் லாயாங் லாயாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் அதை நடத்தியவர். வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்றார். பெரட்டு அவரிடமிருந்து ஓய்வு பெறவில்லை. கல்யாணப் பந்தியில்கூட விரலை நீட்டி எண்ணுவார். கழுத்தில் விசில். மூக்குக்குக் கீழே, இரண்டு அணில்கள் ஆளுக்கொரு பக்கமாக ஓடப் பார்ப்பது போல ஒரு மீசை.

அவருக்குச் சர்க்கரை ஏறியதால் டாக்டர் நடக்கச் சொன்னார். சனிக்கிழமை தோறும் மலைக்காட்டுக்கு நடக்கப் போகும் எங்கள் கூட்டத்தில் சேர்ந்தார். கூட்டம் என்றால் மூன்று பேர்: பள்ளியில் உயிரியல் சொல்லித்தரும் ஜெயந்தி டீச்சர், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் செட்டியார், நான். மண்டோர் முதலில் வந்தது தைப்பூசத்துக்கு அடுத்த சனிக்கிழமை. காவடி எடுத்த தோள்வலி செட்டியாருக்கு அன்றும் இருந்ததால் நன்றாக நினைவிருக்கிறது.

காட்டு வாசலில் இருந்த கேட்டைத் தாண்டி உள்ளே போனதும் மண்டோர் விசில் ஊதினார். காடு கண்டுகொள்ளவில்லை.

"யாரு நட்டது இத? நெரையே இல்ல! பக்கத்துப் பக்கத்துல ரெண்டு மரம் ஒன்னு போல இருக்கா பாருங்க!"

"யாரும் நடல அங்கிள். தானா வந்தது."

"அதான பாத்தேன். மேற்பார்வை இல்ல."

டீச்சர் பொறுமையாக விளக்கினார். தோட்டத்தில் கண்ணுக்கெட்டிய வரை ஒரே மரம். இந்த மலையிலோ நூற்றுக்கணக்கான வகைகள். ஒவ்வொன்றிலும் சில மரங்களே, அவையும் தள்ளித் தள்ளி. தாய் மரத்தடியில் முளைக்கும் கன்றுகளை அந்த மரத்தையே குறிவைக்கும் பூச்சியும் பூஞ்சையும் தீர்த்துவிடும். பறவைகள் தூரத்தில் கொண்டுபோய்ப் போட்ட விதைகள் தப்பிவிடும்.

மண்டோர் யோசித்தார். "நம்ம தோட்டத்துல ஒரு பனைக்கு அடியழுகல் வந்தா அக்கம்பக்கத்தையும் சாச்சுரும். அப்ப இதுங்க தள்ளி நிக்கிறது கெட்டிக்காரத்தனம்லா!"

காட்டை அவர் மன்னித்துவிட்டார் என்று நினைத்தோம். ஆனால் நாங்கள் இளைப்பாறும் பெஞ்சுக்கு அருகே ஒரு காட்டு ஜாதிக்காய் மரம் நின்றது. சுற்றிலும் அதன் இனம் ஒன்றுகூட இல்லை. அது அவர் மனதை அரித்தது. மழையோ வெயிலோ பெரட்டுக்குத் தவறாத ஒரு தொழிலாளியின் நினைவாக அதற்கு அஞ்சலை என்று பேர் வைத்தார்.

"அஞ்சலைக்குச் சொந்தக்காரங்க இல்லாமலா போயிருவாங்க? நான் கண்டுபுடிக்கிறேன்."

செட்டியார் சீண்டினார். "தீபாவளிக்குள்ள இன்னொரு மரத்தக் காட்டுங்க மண்டோரே, புதுக் கண்ணாடி போட்டுத் தாரேன். முடியலன்னா?"

"மீசைய எடுத்துர்றேன்."

மண்டோர் டீச்சரிடம் திரும்பினார். "நீங்க படிச்சவங்க. வாயத் தொறக்கக் கூடாது. ஜாடைகூட வேணாம்."

ஏதோ சொல்ல வந்த டீச்சர் அதை விழுங்கிக்கொண்டார்.

அதன் பிறகு ஒரு சனிக்கிழமையும் விடவில்லை. அட்டை கடித்தது, முள் கிழித்தது. ஒரு முறை, கிடைத்துவிட்டது என்று தப்பாக நினைத்து அவர் ஊதிய விசிலைக் கேட்டு ஒரு மலாய்க் குடும்பம் ஓடிவந்தது. யாரைக் காணோம் என்று கேட்டார்கள். அஞ்சலையின் அக்காவை என்று மலாயில் பதில் சொன்னார். பாவம், நல்ல மனிதர்கள். அந்த அக்காவை அவர்களும் வெகுநேரம் கூவிக் கூவித் தேடினார்கள்.

தீபாவளிக்கு முதல் நாள் மீசை போனது. முடிதிருத்தும் கடையிலிருந்து திரும்பியவருக்குக் கதவைத் திறந்த அவர் மனைவி, "யாரு வேணும்?" என்று கேட்டாராம்.

அடுத்த சனிக்கிழமை வரமாட்டார் என்றே நினைத்தோம். வந்தார். மேலுதட்டைக் கையால் மூடியபடி, கேட்டுக்கு வெளியே வழக்கமாக வண்டி நிறுத்தும் இடத்தில் நின்றார். அப்போது செட்டியார் வண்டியின் மேல் 'டொக்' என்று ஒன்று விழுந்தது.

"அலமாக்! என் காடி!"

விழுந்தது ஒரு பழம். இரண்டாகப் பிளந்து, உள்ளே ஜாதிக்காய்க்கே உரிய சிவப்பு வலை போர்த்திய விதை. நால்வரும் அண்ணாந்து பார்த்தோம். வாரா வாரம் எந்த மரத்து நிழலில் வண்டியை நிறுத்திவிட்டுத் தேடப் போனோமோ, அந்த மரம்.

"டீச்சர், ஒங்களுக்குத் தெரியுமா?"

"மொத நாள்லேர்ந்தே தெரியும் அங்கிள். வாயத் தொறக்கக் கூடாதுன்னீங்களே!"

மண்டோர் வாயிலிருந்து கையை எடுத்தார். மீசையில்லாத முகத்தில் சிரிப்பு வந்தால் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அன்றுதான் பார்த்தோம். சிரித்து முடித்து, மரத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தோட்டத்துல பெரட்டுக்குப் பிந்தி வர்றவங்கள கேட்டுக்கு வெளியவே நிறுத்திருவேன் சார். உள்ள நின்னாத்தான் பேரு. வெளிய நின்னவங்க மொகத்த நிமுந்து பாத்ததே இல்ல. அதே புத்தி."

பந்தயப்படி செட்டியார் எதுவும் தர வேண்டியதில்லை. ஆனாலும் மறுவாரம் ஒரு கண்ணாடியுடன் வந்தார். போட்டுக்கொண்ட மண்டோர் மரத்தை உச்சிவரை பார்த்தார்.

"ஒவ்வொரு எலையும் தெரியுது! இத மொதல்லயே குடுத்திருந்தா மீசை தப்பிச்சிருக்கும்லா, செட்டியாரே!"

இப்போது அணில்கள் திரும்பி வந்துவிட்டன. பெரட்டு கேட்டுக்கு வெளியிலேயே தொடங்குகிறது. முதல் பேர் அஞ்சலையின் அக்காவுக்கு. பிறகு எங்கள் மூவருக்கும். "இருக்கேன்" என்று சத்தமாகச் சொல்லாவிட்டால் இன்னொரு முறை கூப்பிடுவார்.

போன சனிக்கிழமை அவர் உறவினர் கல்யாணத்துக்காகச் சிகாமட் போயிருந்தார். மூவரும் அந்த மரத்தடியில் நின்றுகொண்டே இருந்தோம். யாரும் நகரவில்லை. கடைசியில் செட்டியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மண்டோர்!" என்று கூப்பிட்டார்.

"இருக்காரு," என்றார் டீச்சர்.

அதற்குப் பிறகுதான் எங்களுக்குக் கேட்டைத் தாண்ட மனம் வந்தது.