மூணாம் நம்பர் ஜன்னல்ல மணி பிளான்ட்

பொதுமக்களின் மேலான கவனத்துக்கு. அடையாறு பக்கம் குழாய் நலப் பிரிவுன்னு ஒரு ஆபீஸ் கீது. கொழாய்ல தண்ணி வரலன்னா அங்கதான் போவணும், மூணாம் நம்பர் ஜன்னலாண்ட.

அங்க புதுசா வந்த ஆபீசர் ராஜரத்தினம் சாரு ஜன்னலோரம் பாட்டில்ல ஒரு மணி பிளான்ட் வச்சாரு. இப்ப அதான பேஷன். கொடி மேல ஏறுனா ப்ரமோஷன், கீழ தொங்குனா டிரான்ஸ்பர்னு எவனோ ரீல்ஸ்ல வுட்டுட்டான். சாரு கம்பில நூலு கட்டி ஏத்திவுட்டாரு. தெனம் கேன் தண்ணி. இலை தொடைக்க அட்டெண்டர் செம்பியன். கொடி வளந்து ஜன்னலையே மூடிக்கிச்சு.

எங்க தெரு சரோஜாதேவி அக்கா வூட்ல சொட்டுத் தண்ணி இல்ல. பொண்ணு வேற பிரசவத்துக்கு வந்து கீது. தொணைக்கு நானும் போனேன். அக்கா இலைக்கு நடுவுல மனுவ நீட்டுனா, உள்ளேர்ந்து செம்பியன், மேற்படி கொடிய ஒதுக்க தனக்கு அதிகாரம் இல்லன்றான்.

சத்தம் கேட்டு சாரே வந்தாரு. தொண்டைய செருமிக்கினாரு. "பொதுமக்களின் நலன் கருதி, கொடி உச்சியை அடையும் வரை இந்த ஜன்னல் மூடப்பட்டுள்ளது."

"எங்க தண்ணிக்கு இன்னா சார் வழி?"

"செடிய பாருங்கம்மா, எவ்ளோ பச்சையா இருக்கு. இத பாத்துட்டு இந்த ஏரியாவுல தண்ணி இல்லன்னு யாராவது சொல்லுவாங்களா?"

சொல்லிட்டு சாப்புட போய்ட்டாரு.

மணி பிளான்ட்ட திருடி வச்சாதான் நல்லா வரும்னு க்யூல ஒரு ஆளு மொணங்குனான். அவ்ளோதான். அக்கா மொதல்ல ஒரு கொத்து கிள்ளுச்சு, அப்பால நானு, அப்பால மொத்த க்யூவும். ஜன்னல் மொட்டையாச்சு. உள்ள எட்டிப் பாத்தா மேசை நாக்காலியே இல்ல, துணியோட செம்பியன் மட்டும் நிக்கிறான்.

"மனு வாங்குற ஆளு எங்கய்யா?"

"ஜன்னலுதான் மூடிக்கிச்சே, ஆளு எதுக்குன்னு வேற ஆபீசுக்கு அனுப்பிட்டாங்க."

சரி, கொடியாவது கெடச்சுதேன்னு வூட்டுக்கு வந்தோம். அக்கா பாட்டில்ல சொருகி கொழாய தொறந்துச்சு. புஸ்ஸுன்னு காத்து. பொண்ணுக்கு வாங்கி வச்ச கேன்லேர்ந்து ஊத்துச்சு.

இப்ப தெருவுல எல்லா வூட்டு ஜன்னல்லயும் கொடி. போன வாரம் சாரு ஜீப்ல வந்தாரு. அக்கா பச்சப்புள்ளய குளிப்பாட்ட கொடத்தோட தண்ணி லாரிக்கு நின்னுக்கினு கீது. சாரு எறங்கவே இல்ல. கண்ணாடிய எறக்கி ஜன்னல் ஜன்னலா பாத்தாரு.

"இந்தத் தெருவுல தண்ணிக் கஷ்டம் இல்ல. லாரிய நிறுத்திடுங்க."